ஆக்கிரமிப்புப் படை சுட்டால் யார் பொறுப்பு?

2005 நவம்பர் 19 காலை, இராக்கின் அன்பார் மாகாணத்தில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஹதிதா என்ற ஊரில் சாலையோரக் குண்டு வெடித்து ஓர் அமெரிக்க மரைன் வீரர் இறந்தார். அடுத்த சில மணி நேரத்தில் அவருடைய படைப்பிரிவினர் 24 இராக்கியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். முதலில் ஒரு காரில் வந்த 5 பேர். அப்புறம் பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள். பெண்களும் சின்னக் குழந்தைகளும் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு முதியவரும் இறந்தவர்களில் அடக்கம். மறுநாள் மரைன் படை ஓர் அறிக்கை வெளியிட்டது: குண்டுவெடிப்பில் 15 பொதுமக்கள் இறந்தார்கள், அதன்பின் நடந்த சண்டையில் 8 கிளர்ச்சியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த அறிக்கை பொய்.

டைம் இதழ் உள்ளூர்க்காரர் ஒருவர் எடுத்த காணொளியையும் உயிர் தப்பியவர்கள் சொன்னதையும் வைத்துக் கேள்வி கேட்ட பிறகுதான் ராணுவம் முறையாக விசாரிக்கத் தொடங்கியது. இதழில் செய்தி வந்தது 2006 மார்ச்சில். அந்த ஆண்டு டிசம்பரில் 8 பேர் மேல் குற்றச்சாட்டு பதிவானது. 4 பேர் மேல் கொலைக் குற்றச்சாட்டு; மற்ற 4 பேர் அதிகாரிகள், நடந்ததை விசாரிக்காமலும் சரியாகத் தெரிவிக்காமலும் விட்டதற்காக. பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 6 பேர் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன, ஒருவர் விடுதலையானார். மிஞ்சியவர் அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சார்ஜண்ட். 2012 ஜனவரியில் அவர் கடமை தவறியதாக மட்டும் ஒப்புக்கொண்டார். பதவி இறக்கப்பட்டார். ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை.

24 பேர் இறந்தார்கள், கொலைக்குத் தண்டனை பெற்றவர் யாரும் இல்லை. இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இப்படிப்பட்ட கொலைகளுக்குப் பிறகு எழும் வாதங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நாடு மாறும், சீருடை மாறும், வாதங்கள் மட்டும் மாறுவதேயில்லை.

சுட்டவன்தான் குற்றவாளி என்பது ஒரு வாதம். 20 வயதுப் பையனைத் தெரியாத ஊருக்கு, தெரியாத மொழிக்கு நடுவில் துப்பாக்கியோடு அனுப்பியவர்கள்தான் குற்றவாளிகள் என்பது இன்னொன்று. மக்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டு குண்டு வைத்தவர்கள்தான் மூல காரணம் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் பயன்படுத்தும் விதம் ஒன்றுதான்: என் மேல் இருக்கும் பாரத்தை எடுத்து அடுத்தவன் தோளில் வைப்பது. பொறுப்பு என்பது குறிப்பிட்ட அளவில் மட்டும் இருப்பது போலவும், ஒருவனுக்கு அதிகம் கொடுத்தால் மற்றவனுக்குக் குறைந்துவிடும் என்பது போலவும் வாதம் நடக்கிறது. சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. சுட்டவன் தன் செயலுக்கு முழுப் பொறுப்பு. தடுக்காத தளபதி தன் தவறுக்கு முழுப் பொறுப்பு. அனுப்பிய அரசு எல்லாவற்றுக்கும் பொறுப்பு. ஒருவரைப் பிடித்துவிட்டதால் இன்னொருவர் தப்பிவிட முடியாது.

இதில் புதிதாக எதுவும் இல்லை. 1907-இன் ஹேக் உடன்படிக்கை, தன் ஆயுதப் படையைச் சேர்ந்தவர்கள் செய்யும் எல்லாச் செயல்களுக்கும் அந்த நாடே பொறுப்பு என்றும், தேவையானால் இழப்பீடு தர வேண்டும் என்றும் எழுதி வைத்தது. அதனோடு சேர்ந்த விதிகள், பிடித்த நிலத்தில் பொது ஒழுங்கையும் பாதுகாப்பையும் காப்பது ஆக்கிரமித்தவனின் கடமை என்றன. 1949-இன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை இன்னும் தெளிவாகப் பேசியது. ஆக்கிரமிப்பின் கீழ் இருக்கும் மக்களை மனிதாபிமானத்தோடு நடத்த வேண்டும், ஒருவர் செய்ததற்கு ஊரையே தண்டிக்கக் கூடாது, வேண்டுமென்றே கொல்வது கடும் மீறல், அப்படிச் செய்தவரைத் தேடிப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவது ஒவ்வொரு நாட்டின் கடமை. அரசின் பொறுப்பும் தனி ஆளின் பொறுப்பும் சேர்ந்தே நிற்கும், ஒன்று இன்னொன்றை அழிக்காது என்பதையும் அதன் 29ஆம் விதி சொல்கிறது.

1949-இன் விதிகள் வருவதற்கு முன் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் அவற்றின் மதிப்பு தெரியும். 1941 செப்டம்பரில் ஜெர்மன் படைத் தலைமை ஓர் ஆணை போட்டது. ஆக்கிரமித்த நாடுகளில் ஒரு ஜெர்மன் வீரர் கொல்லப்பட்டால் 50 முதல் 100 பேர் வரை கொல்வது தகும் என்றது அந்த ஆணை. அடுத்த மாதம் செர்பியாவின் கிராகுயேவாட்ஸ் நகரில் சுமார் 2,800 பேரை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள், பள்ளி மாணவர்கள் உட்பட. போருக்குப் பிறகு நியூரம்பர்க்கில் பால்கன் பகுதித் தளபதிகள் விசாரிக்கப்பட்டார்கள். 1948-இல் தீர்ப்பு சொன்ன அமெரிக்க நீதிபதிகள் அவர்களில் பலரைத் தண்டித்தார்கள். ஆனால் அதே தீர்ப்பில், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பிணையாளிகளைக் கொல்வது அன்றைய சட்டப்படி முழுக்கத் தடை செய்யப்பட்டதல்ல என்றும் எழுதினார்கள். அடுத்த ஆண்டே ஜெனீவா உடன்படிக்கை பிணையாளிகள் பிடிப்பதை எந்த நிபந்தனையும் இல்லாமல் தடை செய்தது. குண்டு வைத்தவன் கிடைக்கவில்லை, அதனால் பக்கத்து வீட்டுக்காரன் சாகட்டும் என்ற நியாயத்துக்குச் சட்டத்தில் இருந்த கடைசி ஓட்டை அப்போது அடைபட்டது.

மூன்றாவது வாதத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. குடியிருப்புகளுக்கு நடுவிலிருந்து தாக்குபவர்கள் பொதுமக்களை ஆபத்தில் தள்ளுகிறார்கள், அதற்கு அவர்களும் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள்தான். ஆனால் ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977-இல் சேர்ந்த முதல் கூடுதல் நெறிமுறை, ஒரு தரப்பு விதியை மீறியதால் மறுதரப்புக்குப் பொதுமக்கள் மேல் உள்ள கடமை போய்விடாது என்று நேராகவே சொல்கிறது. வீட்டுக்குள் இருந்த குழந்தை எந்த விதியையும் மீறவில்லை.

சரி, சுட்ட வீரனிடம் வருவோம். அவன் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: மேலே இருந்து சொன்னார்கள், செய்தேன். நாஜித் தலைவர்களை விசாரிக்க எழுதிய நியூரம்பர்க் சாசனம் 1945-லேயே இதற்கு ஒரு வரம்பு கட்டியது. ஆணைப்படி செய்தேன் என்பது குற்றத்திலிருந்து விடுவிக்காது, தண்டனையைக் குறைக்க மட்டும் பயன்படலாம். 2022-இல் உக்ரைனில் நடந்த முதல் போர்க்குற்ற வழக்கில் இதே கேள்வி வந்தது. சூமி பகுதியில் சைக்கிளோடு, நிராயுதபாணியாகச் சாலையோரம் இருந்த 62 வயதுக்காரரை 21 வயது ரஷ்ய வீரன் சுட்டுக் கொன்றான். இவர் நம்மைக் காட்டிக் கொடுத்துவிடுவார், சுடு என்று வண்டியில் கூட இருந்தவர்கள் வற்புறுத்தினார்கள் என்றான். குற்றத்தையும் ஒப்புக்கொண்டான். கீவ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, மேல்முறையீட்டில் அது 15 ஆண்டாகக் குறைந்தது. அந்த வீரனின் வயதையும் பயத்தையும் நினைத்தால் எனக்கும் இரக்கம் வருகிறது. ஆனால் இரக்கத்துக்கு இடம் தண்டனையின் அளவில்தான், குற்றமே இல்லை என்பதில் அல்ல.

ஆணையை மறுக்க முடியாது என்ற வாதத்தை உடைத்த ஒரு மனிதர் வரலாற்றில் இருக்கிறார். 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் பகுதியில் அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று நூற்றுக்கணக்கான கிராமத்தாரைக் கொன்றது. அமெரிக்கக் கணக்கு 347, வியட்நாம் கணக்கு 504. மேலே ஹெலிகாப்டரில் பறந்துகொண்டிருந்த விமானி ஹியூ தாம்ப்சன், பதுங்கு குழியில் ஒளிந்திருந்த கிராமத்தாருக்கும் அவர்களை நோக்கி வந்த வீரர்களுக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். இவர்கள் சுட்டால் நீங்கள் திருப்பிச் சுடுங்கள் என்று தன் குழுவிடம் தன் நாட்டு வீரர்களைக் காட்டிச் சொன்னார். அந்தக் கிராமத்தாரைக் காப்பாற்றி அனுப்பினார். அவரும் அன்று அதே சீருடையில்தான் இருந்தார், அதே போரில்தான் இருந்தார். கிராமத்தில் இருந்த வேறு சில வீரர்களும் சுட மறுத்தார்கள். தாம்ப்சனை அன்றைக்கு யாரும் கொண்டாடவில்லை. பல ஆண்டுகள் துரோகி என்று திட்டு வாங்கினார். அன்று நடந்ததை உள்ளபடி ஏற்று ராணுவம் அவருக்கு வீரப் பதக்கம் கொடுத்தது 1998-இல்தான்.

மை லாயில் தண்டிக்கப்பட்டவர் ஒரே ஒருவர், லெப்டினன்ட் வில்லியம் கேல்லி. 1971-இல், குறைந்தது 22 பேரைக் கொன்றதாகத் தீர்ப்பாகி ஆயுள் தண்டனை கிடைத்தது. அமெரிக்காவில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. விசித்திரம் என்னவென்றால், போரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சேர்ந்தே எதிர்த்தார்கள். நம் பையனைத் தண்டிப்பதா என்று ஒரு கூட்டம். இவனை மட்டும் பலியாக்கி மேலே இருப்பவர்கள் தப்புவதா என்று இன்னொரு கூட்டம். அதிபர் நிக்சன் அவரைச் சிறையிலிருந்து எடுத்து வீட்டுக் காவலில் வைக்கச் சொன்னார். சுமார் மூன்றரை ஆண்டு வீட்டுக் காவலோடு 1974-இல் எல்லாம் முடிந்தது. இரண்டாவது கூட்டத்தின் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதிலாக மேலே இருந்தவர்கள் தண்டிக்கப்படவில்லை, கீழே இருந்தவரும் வெளியே வந்தார். இரண்டு நியாயங்கள் மோதியபோது பலன் கொலைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த விவாதங்களில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

மேலே இருந்தவர்கள் எப்படித் தப்பினார்கள்? கேல்லியின் மேலதிகாரி கேப்டன் எர்னஸ்ட் மெதினா 1971 செப்டம்பரில் விடுதலையானார். அந்த வழக்கில் நீதிபதி ஜூரிக்குக் கொடுத்த விளக்கம் முக்கியமானது. தன் வீரர்கள் கொல்கிறார்கள் என்பது மெதினாவுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்ததா என்று பாருங்கள் என்றார். தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்கச் சொல்லவில்லை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் எத்தனையோ தளபதிகள் தப்பிப் போயிருக்கிறார்கள்.

இதே அமெரிக்கா 26 ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜப்பானியத் தளபதிக்கு வைத்த அளவுகோல் வேறு. பிலிப்பைன்ஸை ஆக்கிரமித்திருந்த ஜப்பானியப் படைக்குத் தலைவர் தொமோயுகி யமஷிதா. 1945 தொடக்கத்தில் மணிலா நகரில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் இறந்தார்கள், ஜப்பானியப் படையினர் கையாலும் அமெரிக்கப் பீரங்கித் தாக்குதலாலும். யமஷிதா கொல்லச் சொன்னார் என்று அரசுத் தரப்பு குற்றம் சாட்டவில்லை. தன் படையைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்பதுதான் குற்றச்சாட்டு. அவர் அப்போது மலைப்பகுதியில் இருந்தார். அவருடைய தகவல் தொடர்பைச் சிதைத்ததே அமெரிக்கத் தாக்குதல்தான். 1945 டிசம்பர் 7 அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 6-க்கு 2 என்று தள்ளுபடியானது. மறுத்து எழுதிய இரண்டு நீதிபதிகளில் ஒருவரான ஃபிராங்க் மர்ஃபி, எதிரியின் தகவல் தொடர்பை நாமே உடைத்துவிட்டு, கட்டுப்பாடு இழந்தாய் என்று அவன் மேலேயே குற்றம் சுமத்துகிறோம் என்ற பொருளில் எழுதினார். 1946 பிப்ரவரியில் யமஷிதா தூக்கிலிடப்பட்டார்.

தோற்ற நாட்டின் தளபதிக்கு ஒரு நீதி, நம் கேப்டனுக்கு இன்னொரு நீதி என்ற கோபம் இங்கே நியாயமாகவே எழும். யமஷிதாவுக்கு நடந்தது சரியான விசாரணை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கொள்கை ஒன்று இருக்கிறது: படையை நடத்துபவன் அது என்ன செய்கிறது என்று அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவன். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்காக 1998-இல் உருவான ரோம் சாசனத்தின் 28ஆம் விதி இதை ஒழுங்குபடுத்தியது. தளபதிக்குத் தெரிந்திருந்தாலும், அன்றைய சூழலில் தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தாலும் அவர் பொறுப்பு. தடுக்கவோ தண்டிக்கவோ தன்னால் முடிந்ததைச் செய்திருக்க வேண்டும், அல்லது விசாரிக்க வேண்டியவர்களிடம் ஒப்படைத்திருக்க வேண்டும்.

எழுத்தில் இப்படி இருந்தாலும் நடைமுறையில் நிரூபிப்பது கடினம். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்குள் நுழைந்த காங்கோ கிளர்ச்சிப் படையினர் செய்த கொலை, பாலியல் வன்முறைக்காக, அவர்களின் தலைவர் ஷான் பியர் பெம்பாவை சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016-இல் தண்டித்து 18 ஆண்டு கொடுத்தது. 2018 ஜூனில் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். வேறு நாட்டிலிருந்தபடி படையை நடத்திய தளபதிக்கு விசாரிக்கவும் தடுக்கவும் இருந்த நடைமுறைச் சிக்கல்களை முதல் தீர்ப்பு சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். இந்தத் தர்க்கம் எனக்கு ஏற்கவில்லை. அயல்நாட்டுக்குப் படை அனுப்புகிறவர் அந்தத் தூரத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறார். தேர்ந்தெடுத்த தூரத்தையே பிறகு சாக்காகக் காட்ட அனுமதிக்கக் கூடாது.

ஹதிதாவில் மேல்மட்டத்துக்கு என்ன ஆனது? ராணுவ மேஜர் ஜெனரல் எல்டன் பார்ஜ்வெல் தலைமையில் ஒரு விசாரணை நடந்தது. இராக்கியரின் உயிர் அமெரிக்கரின் உயிர் அளவு முக்கியமில்லை என்ற எண்ணம் பல மட்டங்களில் இருந்த அதிகாரிகளின் பேச்சில் தெரிந்தது என்றும், பொதுமக்கள் சாவை வேலையோடு வரும் செலவாகவே பார்த்தார்கள் என்றும் அவர் அறிக்கை சொன்னது. 24 பேர் இறந்ததை மேலதிகாரிகள் யாரும் விசித்திரமாகவே நினைக்கவில்லை. முடிவில் ஒரு மேஜர் ஜெனரலுக்கும் இரண்டு கர்னல்களுக்கும் கண்டனக் கடிதம் போனது. கடிதம், அவ்வளவுதான்.

வீடுகளுக்குள் நுழைந்த வீரர்கள் சொன்ன விளக்கமும் இதோடு சேர்ந்தது. அந்த வீடுகளைப் பகைவர் நிலையாகக் கருதி, தங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி கைக்குண்டு எறிந்து சுட்டுக்கொண்டே நுழைந்தோம் என்றார்கள். குழுத் தலைவர், முதலில் சுடுங்கள், கேள்வியை அப்புறம் கேட்கலாம் என்ற பொருளில் தான் சொன்னதைப் பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சண்டைக்களத்தில் எதிரி நிலையைக் கைப்பற்றும் முறை வேறு, குடும்பங்கள் வாழும் தெருவில் காவல் காக்கும் முறை வேறு. ஆக்கிரமித்த படை இரண்டாவதைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது. முதலாவதற்கு மட்டுமே பயிற்சி கொடுத்து அனுப்பியது வீரனின் முடிவு அல்ல. இது வீரனை விடுவிக்கிறது என்று சொல்லவில்லை. அவனுக்கு மேலே இருப்பவர்களையும் சேர்த்துக் கூண்டில் ஏற்றுகிறது.

எங்கோ ஒரு கெட்டவன் செய்தான், மற்றபடி படை நல்ல படை என்ற பேச்சு இங்கேதான் உதவிக்கு வரும். அதன் பழைய உதாரணம் நமக்குத் தெரிந்தது. 1919 ஜாலியன்வாலா பாக், போர்ச் சட்டம் சொல்லும் ஆக்கிரமிப்பு அல்ல, காலனி ஆட்சி. ஆனால் பொறுப்பைப் பற்றிய விவாதம் அச்சு அசலாக இதுதான். அரசுக் கணக்குப்படி 379 பேர் இறந்தார்கள். ஜெனரல் டயர், கவச வண்டிகள் அந்தச் சந்துக்குள் நுழைந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியையும் பயன்படுத்தியிருப்பேன் என்று அதை விசாரித்த ஹண்டர் குழுவிடமே சொன்னார். 1920 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசிய வின்ஸ்டன் சர்ச்சில் அந்தப் படுகொலையைக் கடுமையாகக் கண்டித்தார். கூடவே, பேரரசின் வரலாற்றில் இதற்கு ஈடான சம்பவமே கிடையாது, இது தனித்து நிற்கிறது என்றார். கண்டனத்துக்குள்ளேயே பேரரசுக்கு ஒரு விடுதலைப் பத்திரம். டயரின் செயலைச் சரி என்று ஏற்ற பஞ்சாப் துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓ'டுவயரோ, ராணுவச் சட்டம் போட்ட நிர்வாகமோ அந்தப் பேச்சில் மறைந்து போனது. பிரபுக்கள் சபை அதையும் ஏற்காமல், டயருக்கு அநீதி நடந்துவிட்டதாக 129-க்கு 86 வாக்கில் தீர்மானம் போட்டது.

அரசு இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். 2022 மார்ச் கடைசியில் ரஷ்யப் படை உக்ரைனின் புச்சா நகரை விட்டுப் போன பிறகு அங்கே 400-க்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. அங்கே இருந்ததாக உக்ரைன் குற்றம் சாட்டிய 64ஆவது படைப்பிரிவுக்கு, அடுத்த மாதமே அதிபர் புடின் கௌரவப் பட்டம் கொடுத்தார். அதன்பிறகு இது ஏதோ கீழ்மட்டத்தில் நடந்த தவறு என்று அந்த அரசால் எப்படிச் சொல்ல முடியும்?

ஆக்கிரமிப்பு என்றே ஒத்துக்கொள்ளாமல் விடுவது இன்னொரு வழி. இராக்கில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஆக்கிரமிப்பு நாடுகள் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2003 மே மாதம் தன் 1483ஆம் தீர்மானத்தில் ஏற்றது. 2004 ஜூன் 28 அன்று ஆக்கிரமிப்பு முடிந்ததாக அறிவித்தார்கள். அதே படை, அதே சோதனைச் சாவடி, அதே தெரு. ஹதிதா நடந்தபோது தாளில் அது இராக் அரசின் சம்மதத்தோடு இருக்கும் படை. ஆனால் இராக் நீதிமன்றத்தால் அந்தப் படையில் ஒருவரையும் தொட முடியாது. ஆக்கிரமிப்பு நிர்வாகம் போட்ட 17ஆம் ஆணை, வெளிநாட்டுப் படையினருக்கும் அவர்களுடைய ஒப்பந்தக்காரர்களுக்கும் இராக் சட்டத்திலிருந்து விலக்கு அளித்திருந்தது. 2007 செப்டம்பரில் பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள் 17 பேரைக் கொன்றபோதும் இதே விலக்குதான் குறுக்கே நின்றது. அமெரிக்க நீதிமன்றத்தில் 2014-இல் நான்கு பேர் தண்டிக்கப்பட்டார்கள். 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார்.

சம்மதத்தோடு வந்த படை என்ற பேச்சு தமிழருக்கு நன்றாகவே தெரியும். 1987 ஒப்பந்தப்படி, இலங்கை அரசின் இசைவோடு அமைதிப் படை என்ற பெயரில் இந்திய ராணுவம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நுழைந்த வீரர்கள் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர், ஊழியர்கள் என்று 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். உயிர் பிழைத்தவர்களின் சாட்சியங்களை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அந்த நாட்களிலேயே பதிவு செய்தார்கள். இந்தியத் தரப்பு இதை இருதரப்புச் சண்டைக்கு நடுவில் நேர்ந்த சாவு என்றது. இதற்காக ஒரு வீரரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. சட்டப்படி அது ஆக்கிரமிப்பா இல்லையா என்று அறிஞர்கள் வாதிடலாம். படுக்கையில் இருந்த நோயாளியைக் கொல்வது எந்தப் பெயரில் வந்த படைக்கும் குற்றம்தான்.

இத்தனையையும் அடுக்கிப் பார்த்தால், எனக்குத் தெரியும் முடிச்சு சுட்ட வினாடியில் இல்லை, அதற்குப் பிறகு வரும் முதல் சில நாட்களில் இருக்கிறது. யார் முதல் அறிக்கை எழுதுகிறார்கள், உடலை யார் பார்க்கிறார்கள், சுவரில் குண்டு பாய்ந்த இடத்தை யார் அளக்கிறார்கள். ஆக்கிரமித்த இடத்தில் இதையெல்லாம் செய்யும் அதிகாரம் கொன்ற படையின் கையில்தான் இருக்கிறது. உள்ளூர்ப் போலீசால் முடியாது. குடும்பமோ உடலைச் சீக்கிரம் அடக்கம் செய்தாக வேண்டும். நான்கைந்து மாதம் கழித்து விசாரணை வரும்போது சாட்சிகள் பயந்திருப்பார்கள், தடயம் போயிருக்கும். வீரர்கள் ஒருவருக்கொருவர் முரண்படும் வாக்குமூலம் கொடுத்திருப்பார்கள், அந்த முரண்பாடே சந்தேகத்தின் பலனாக அவர்களுக்குப் போகும். அதனால்தான் விசாரிக்காமல் விட்ட அதிகாரியை, சுட்டவனுக்கு அடுத்த படியில் வைத்துப் பார்ப்பது போதாது என்கிறேன். அன்றைய கொலைக்கும் அடுத்த கொலைக்கும் நடுவில் நின்று தடுத்திருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்.

இதைச் சட்டமாக்கிய தீர்ப்பு ஒன்று உண்டு. பிரிட்டிஷ் கட்டுப்பாட்டில் இருந்த பஸ்ராவில் 2003-இல் இறந்த 6 பேரின் உறவினர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். அல் ஸ்கெய்னி வழக்கு என்று பெயர். 2011 ஜூலை 7 அன்று அந்த நீதிமன்றம், ஒரு நாட்டில் காவல் அதிகாரத்தைக் கையில் எடுத்த பிரிட்டன், அங்கே தன் வீரர்களால் நேர்ந்த சாவுகளையும் சுதந்திரமாக விசாரிக்கக் கடமைப்பட்டது என்றது. ராணுவப் போலீசைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று சுட்ட வீரனின் மேலதிகாரியே முடிவெடுக்கும் விசாரணை, சுதந்திரமான விசாரணை அல்ல. ஆறாவது சாவு பற்றி மட்டும் மீறல் என்று தீர்ப்பு வரவில்லை. பிரிட்டிஷ் காவலில் 93 காயங்களோடு இறந்த ஹோட்டல் ஊழியர் ஒருவருடையது அது. அதற்கு மட்டும் முழுப் பொது விசாரணை அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்த வழக்கில் மனிதத்தன்மையற்று நடத்தியதை ஒப்புக்கொண்ட ஒரே ஒரு கார்ப்பரலுக்கு ஓராண்டுச் சிறை கிடைத்திருந்தது.

ஆனால் இதே நீதிமன்றம் 2021 ஜனவரியில், ரஷ்யா மேல் ஜார்ஜியா போட்ட வழக்கில் ஒரு கோடு போட்டது. 2008 ஆகஸ்டில் சண்டை மும்முரமாக நடந்த ஐந்து நாட்களுக்கு ரஷ்யாவை ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் கீழ் பொறுப்பாக்க முடியாது, சண்டை நின்று பகுதி அதன் கட்டுப்பாட்டுக்கு வந்த பிறகு முடியும் என்றது. குழப்பத்தில் நடக்கும் சாவுகளை வெளியே தள்ளும் இந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்குக் கவலைதான். எல்லாப் படைகளும் இனி எல்லா நாளையும் மும்முரமான சண்டை நாள் என்றே எழுதத் தொடங்கும்.

இனி குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது என்பது. ஹதிதாவில் இறந்தவர்களில் 15 பேருக்காக, ஆளுக்கு 2,500 டாலர் வரை, சுமார் 38,000 டாலர் அனுதாபத் தொகையாகக் கொடுத்தார்கள். அனுதாபத் தொகை என்றாலே குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்று பொருள். அமெரிக்காவின் 1942 வெளிநாட்டு உரிமைகோரல் சட்டம் சண்டையில் நேர்ந்த இழப்பை விலக்கி வைக்கிறது. எனவே இது சண்டை என்று படை எழுதிவிட்டால் சட்டப்படி கேட்கும் வழியும் அதோடு அடைபடும். ஆஸ்திரேலிய வீரர்கள் ஆப்கானிஸ்தானில் செய்த கொலைகளை விசாரித்த பிரெரட்டன் அறிக்கை 2020-இல் ஒரு நல்ல யோசனை சொன்னது. 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பகமான தகவல் இருக்கிறது, குற்றவியல் தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்றது. குற்றவாளி யார் என்று நிரூபிக்க 10 ஆண்டு ஆகலாம். கொன்றது எந்த நாட்டுப் படை என்பதற்கு அத்தனை காலம் தேவையில்லை.

எவ்வளவு தாமதமானாலும் கதவைத் தட்டலாம் என்று காட்டியவர்கள் இந்தோனேசிய விதவைகள். 1947 டிசம்பர் 9 அன்று, ஜாவாவின் ரவாகெடே கிராமத்தில் டச்சுப் படை ஆண்களைப் பிடித்துச் சுட்டது. இந்தோனேசியக் கணக்கு 431 பேர். மறு ஆண்டே ஐ.நா. குழு ஒன்று அதை இரக்கமற்ற செயல் என்று பதிவு செய்தும் யாரும் தண்டிக்கப்படவில்லை. 64 ஆண்டு கழித்து, 2011 செப்டம்பரில், ஹேக் நகர நீதிமன்றம் டச்சு அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போடும் காலக்கெடு முடிந்துவிட்டது என்ற அரசின் வாதத்தை ஏற்கவில்லை. உயிரோடு இருந்த விதவைகளுக்கு ஆளுக்கு 20,000 யூரோ கிடைத்தது. சுட்ட வீரர்களில் யார் எவரைக் கொன்றார் என்று யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை, அரசின் பொறுப்பு அதற்குக் காத்திருக்கவில்லை. 2020-இல் டச்சு அரசு இதை அப்படிக் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் நீட்டித்தது, ஆளுக்கு 5,000 யூரோ. அதைப் பெற, தங்கள் தகப்பன் எங்கே, எப்படிக் கொல்லப்பட்டார் என்பதற்கு அந்தப் பிள்ளைகள், இப்போது முதியவர்கள், ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. கொன்ற படை எதையும் எழுதி வைக்காமல் போன கிராமங்களில் அந்த ஆதாரத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.